படத்தில் வந்த அப்பா

என் அப்பா குடிக்கமாட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் குடிக்காத ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் அவரும் ஒருவர். கள்ளுக்கடை நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை வந்தால் ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு போவார். அதற்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. அந்த வாடை பட்டாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும் என்று அம்மா சொல்வாள். அவ்வளவுதான் காரணம்.

இதை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும் என்று சில மாதங்களாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்ததும், தூரத்துக் காடுகளுக்கு ரப்பர் பால் எடுக்க மரம் சீவப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். மத்தியானம் பால் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். மழைக் காலத்தில் ஒரு காலை, மேட்டிலிருந்து இறங்கும்போது லாரி செம்மண் பாதையில் சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பின்னால் இருந்த பெண்களுக்குக் கை கால் முறிந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் இறந்துபோனார். பிரேக் சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். மழைதான் காரணம் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் குடித்திருந்தார் என்று அன்றைக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லயத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

அந்த வருடத்தோடு என் படிப்பு நின்றது. இப்போது நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். வீடு செனாவாங்கில். தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களையும் இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவைத் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியிருப்பது நான், என் அக்கா, அன்றைக்கு லாரியில் இருந்த, பக்கத்து லயத்து அத்தை ஒருவர். வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு இளைஞர் என்னைத் தேடி வந்தார். படம் எடுப்பவர். அவருடைய அம்மா எங்கள் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வேறு ஊருக்குப் போனவராம். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு படம் எடுக்கப்போவதாகவும், லாரி விபத்தைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். அக்காவிடம் என் நம்பரை வாங்கியிருந்தார். வீட்டுக்கு அருகில் இருக்கும் பாய் கடையில் உட்கார்ந்தோம். போனை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தார்.

"அண்ணே, அப்பா எப்படி சிரிப்பாரு?"

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. ரொட்டி ஆறும்வரை யோசித்தேன்.

"அதிகமா சிரிக்க மாட்டாரு தம்பி."

"கோவம் வருமா?"

"அதுவும் இல்ல."

"பாட்டு கீட்டு?"

"இல்ல லா."

"அப்ப என்னதாண்ணே பண்ணுவாரு?"

"லாரி கழுவுவாரு."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கல்லாவில் இருந்த பாய்கூட என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, நீங்களா பேசறது?" என்று கேட்டார். உண்மையில் அன்றைக்கு நான் அவ்வளவு பேசினேன். கள்ளுக்கடையைச் சுற்றிக்கொண்டு போவது, தலைவலி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மரியாதையான பையன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ நல்லா காட்டறேண்ணே" என்றார். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல இருந்தது.

சில மாதம் கழித்துப் படப்பிடிப்புக்கு வரச் சொன்னார். வயதான ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கும் வேறொரு தோட்டத்தில் பலகையால் லயம் மாதிரி கட்டியிருந்தார்கள். லாரி நீல நிறம். எங்கள் லாரி பச்சை. நல்ல வெயிலில் பெண்கள் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பால் வராது. ஆனால் இருட்டில் சீவினால் கேமராவுக்குத் தெரியாது என்று எனக்கும் புரிந்தது. இதெல்லாம் எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. லாரி எந்த நிறமாக இருந்தால் என்ன. படம் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்.

பிறகு கள்ளுக்கடைக் காட்சி எடுத்தார்கள். பெஞ்சில் ஒரு நடிகர் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, காக்கிச் சட்டை, கையில் கோப்பை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். யார் அந்த ஆள் என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. காட்சி முடிந்ததும் அவர் எழுந்துபோய் லாரியில் ஏறினார்.

சாப்பாட்டு நேரத்தில் டைரக்டர் தம்பி எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, அது யாரு?"

"அதாண்ணே அப்பா."

"அப்பா குடிக்க மாட்டாரே. சொன்னேனே தம்பி."

"சொன்னீங்கண்ணே. எல்லாம் போன்ல இருக்கு." பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "லாரி ஏன் கவுந்துச்சின்னு படம் பாக்கறவன் கேப்பான்ல. மழைன்னு சொன்னா, மழ பேஞ்சிச்சி, செத்துட்டாரு, அவ்ளோதான். அதுல கதை இல்ல. பிரேக்குன்னு சொன்னா தோட்டத்து நிர்வாகத்த குத்தம் சொல்றதா ஆயிடும். நான் மொதல்ல பிரேக்குன்னுதாண்ணே எழுதினேன். இங்க படம் எடுக்க எடம் குடுத்தவங்க கதைய படிச்சிட்டு, அத தூக்கச் சொல்லிட்டாங்க. எடம் இல்லன்னா படமே இல்ல."

"அதுக்காக..."

"பேரு போடலண்ணே. தோட்டத்து பேரும் போடல. இது உங்க அப்பா இல்ல, ஒரு அப்பா. அதுவும் கெட்டவரு இல்லண்ணே. கடைசில பொம்பளைங்கள காப்பாத்தணும்னு தன் பக்கம் மோதற மாதிரி வண்டிய திருப்பறாரு. பாருங்க, சனங்க அழப்போறாங்க."

காட்சியைப் பார்த்த நேரத்திலிருந்து மனதுக்குள் நிறைய சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். 'என் அம்மா இருந்திருந்தால் இதை எப்படித் தாங்குவாள்' என்று ஒன்று. 'அப்படியானால் அந்தக் கதையில் லாரியே வேண்டாம்' என்று ஒன்று. வாயில் வந்தது, "சரி தம்பி" மட்டும்தான்.

அப்போது மீசை வைத்த நடிகர் கை கழுவிவிட்டு எங்களிடம் வந்தார். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பணிவாகக் குனிந்து, "அண்ணே, ஒண்ணு கேக்கணும். அப்பா கள்ள ஒரே மடக்கா குடிப்பாரா, மெதுமெதுவா குடிப்பாரா?" என்று கேட்டார். டைரக்டர் தம்பி அவசரமாக அவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

அக்காவிடம் சொன்னேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அப்பா இறந்தபோது அவளும் மரம் சீவ ஆரம்பித்திருந்தாள்.

"அப்பாவ குடிகாரனா ஆக்கிட்டானா? நீ என்னடா பண்ணின? ஊமையாட்டம் சோத்துப் பொட்டலத்த வாங்கித் தின்னுட்டு வந்தியா?"

"சொன்னேன்கா."

"என்ன சொன்ன?"

"அப்பா குடிக்க மாட்டாருன்னு."

"அப்புறம்?"

"சரின்னுட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். படம் வரட்டும், தியேட்டரிலேயே எழுந்து கத்தப்போவதாகச் சொன்னாள். அவள் செய்யக்கூடியவள். எனக்குப் பயமாகவும் இருந்தது, ஒரு ஆறுதலாகவும் இருந்தது.

படம் வந்ததும் சிரம்பானில் போய்ப் பார்த்தோம். அக்கா, அவள் மகள், மருமகன், நான். உள்ளதைச் சொல்லவேண்டும். படம் நன்றாகவே இருந்தது. அந்த அப்பா எல்லோரையும் கிண்டல் செய்வார். பெண்கள் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மகனைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் ஆடுவார். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி காலடியில் உட்கார்ந்து அழுவார். எங்கள் அப்பா இதில் ஒன்றுகூடச் செய்ததில்லை. என்னைத் தோளில் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் லாரி கவிழும் இடத்தில் என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இருட்டில் அக்கா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் எழுந்து கத்தவில்லை. வெளியே வந்தபிறகும் குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தோள்ல தூக்கற எடம்..." என்றாள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதே பேச்சுதான். வேலை இடத்தில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். அது என் அப்பாவின் கதை என்று எப்படியோ பரவிவிட்டது. "பிரதர், உங்க அப்பா மாஸ் லா!" என்றான் ஒரு பையன். ஸ்டோரில் வேலை செய்யும் என் வயதுக்காரர் ஒருவர் என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிப்போய், "எங்கப்பனும் இப்படித்தாண்ணே, தண்ணி போட்டாலும் தங்கமான மனுசன். படம் பாத்துட்டு அவரு சமாதிக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரிடம் நான் எதைச் சொல்வது? ஒரே ஒரு தடவை, கேன்டீனில், "எங்கப்பா குடிக்க மாட்டாரு" என்று சொல்லிப் பார்த்தேன். "அட விடுங்கண்ணே, அதுல என்ன வெக்கம்" என்று முதுகில் தட்டினார்கள்.

வெளியில் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறோமே, எங்களுக்குள்ளாவது அவர் அவராகவே இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது போதும் என்று இருந்தது.

கோயில் திருவிழாவில் லாரியில் இருந்த அந்த அத்தையைப் பார்த்தேன். அன்றைக்கு முறிந்த அவருடைய இடது கை இன்னும் நேராக நீட்ட வராது. சாப்பாட்டுப் பந்தலில் சுற்றிலும் இளம்பெண்கள் உட்கார்ந்திருக்க, அந்தக் கையைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடந்திச்சிம்மா. வாடை குப்புனு அடிக்குது. பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டறாரு. திடீர்னு திரும்பிப் பாத்து, புள்ளைங்களா கெட்டியா புடிச்சிக்கங்கன்னு கத்தினாரு பாரு, இன்னும் என் காதுல கேக்குது."

அன்றைக்கு மழை. லாரியின் பின்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஓட்டுபவரைப் பின்னாலிருந்து பார்க்கவே முடியாது. காரியத்தன்று இதே அத்தை எங்கள் வீட்டு வாசலில் கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, 'தூங்கிக்கிட்டு வந்தேன், கண்ண முழிச்சா சேத்துல கெடக்கறேன்' என்று அம்மாவிடம் சொல்லி அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் இப்போது அவர் கண்ணில் வந்ததும் நிஜக் கண்ணீர்தான். பொய் சொல்பவருடைய முகம் அப்படி இருக்காது.

பெண்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தேன். "அத்தே," என்றேன், "எங்கப்பா குடிக்க மாட்டாருல்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. அந்த மடங்கிய கையாலேயே என் கன்னத்தைத் தொட்டார். "நீ அப்ப சின்னப் புள்ளய்யா. ஒனக்குத் தெரியாம வெச்சிருந்தாங்க."

அதற்குமேல் நான் யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது? மிச்சம் அக்காதான்.

தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படைக்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அக்கா வீட்டில்தான் படைப்போம். அவரவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும். அம்மாவுக்கு வெற்றிலையும் நண்டுக் குழம்பும். அப்பாவுக்குப் பொரித்த மீனும், பால் ஊற்றாத தேத்தண்ணியும். சீனி தூக்கலாக இருக்கவேண்டும். இத்தனை வருடமும் இதுதான்.

இந்த வருடம் சாயங்காலம் அக்காவின் மருமகன் கடைக்குப் போய்விட்டு வந்து, பையிலிருந்து ஒரு கறுப்பு பீர் போத்தலை எடுத்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார்.

"தாத்தாவுக்கு" என்றார்.

அக்கா குனிந்து இலையில் வடை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பாவுக்கு அது வேணாம்" என்றேன்.

"என்ன மாமா?"

"அவரு குடிக்க மாட்டாரு."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்பு. "மாமா இன்னும் அப்பாவ விட்டுக்குடுக்க மாட்டேங்கறாரு பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னார். "கத்துக்கம்மா. நான் போனப்புறம் ஒன் புள்ளைங்க எனக்கு ரெண்டு போத்தலா வெச்சிட்டு, எங்கப்பன் மொடாக் குடியன்னு ஊரு பூரா சொல்லும்."

"ரெண்டு எதுக்கு, ஒண்ணே போதும்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன்.

"நீ சொல்லுக்கா. நீ சொன்னா கேப்பாரு."

"சொல்லி?"

"ஒனக்கும் மறந்துபோச்சா?"

"எனக்கு மறக்குமாடா? அவரு சட்டைய தொவச்சவ நானு. ஒரு நாளு வாடை அடிச்சிருக்குமா?" குழம்பை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருசமா படைக்கறோம். இந்தப் புள்ளைங்க ஒரு தடவையாச்சும் அது யாருன்னு கேட்டிருக்கா? கற்பூரம் எப்ப அணையும், கறி எப்ப கெடைக்கும்னு நிப்பானுங்க. இந்த வருசம் மாப்பிள்ள தானா கடைக்கிப் போயி, தாத்தாவுக்குன்னு வாங்கிட்டு வந்து வெச்சிருக்காரு. அத எடுன்னு நான் சொல்லவா? நீயே சொல்லு, சொல்லவா?"

அவள் குழம்போடு வெளியே போய்விட்டாள். நான் தண்ணீரைச் சுடவைத்து, தேத்தூள் போட்டு, சீனி அள்ளிப்போட்டு, ஒரு கிளாஸில் விளிம்புவரை ஊற்றிக் கொண்டுபோய் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மருமகன் போத்தலைத் திறந்து அதன் பக்கத்தில் இன்னொரு கிளாஸில் ஊற்றினார். அவசரமாக ஊற்றியதில் நுரை பொங்கிக் கிளாஸின் வாய்க்குமேல் எழும்பி நின்றது. அக்கா கற்பூரம் காட்டினாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். பிறகு வழக்கம்போல, வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம்.

பக்கத்து வீடுகளில் பட்டாசு வெடித்தார்கள். பிள்ளைகள் பசிக்கிறது என்று முனகினார்கள். நான் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பார்க்க முயன்றேன். மீசையோடு அந்த நடிகர்தான் வந்தார். அப்பாவுக்கு மீசை கிடையாது. கண்ணை மூடித் திரும்பவும் நினைத்தேன். திரும்பவும் மீசைதான் வந்தது.

அக்கா கதவை மெதுவாகத் தட்டிவிட்டுத் திறந்தாள். மருமகன்தான் முதலில் பார்த்து, அக்காவைக் கூப்பிட்டார்.

"அத்தே, இங்க பாருங்க! கொறஞ்சிருக்கு!"

எல்லோரும் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நுரை முழுவதும் அடங்கிவிட்டிருந்தது. கறுப்பு பீர் கிளாஸில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. தேத்தண்ணி வைத்தபடியே விளிம்பில் நின்றது.

"தாத்தா குடிச்சிட்டாரு" என்று அக்காவின் பேத்தி கத்தினாள். மருமகன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். தியேட்டரில் அழுதது மாதிரியே அழுதுகொண்டிருந்தாள்.

"வந்துட்டாருடா" என்றாள். "இத்தன வருசத்துல இன்னிக்கித்தாண்டா நெசமா வந்த மாதிரி இருக்கு."

அது நுரை அக்கா, நுரை அடங்கினால் அளவு குறையும் என்று சொல்லவேண்டும். அவளுக்குத் தெரியாததா? அவள் முகத்தைப் பார்த்தேன். அது தெரியாதவளின் முகமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் கை கூப்பிக்கொண்டு, முதல் தடவையாக அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நானும் கை கூப்பினேன்.